தவளைக் கிழவியின் நன்றி

ஜனவரி 6, திங்கள்

இன்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரர், முடி வெட்டிவிடும் பெண், தண்ணீர் கேன் போடுகிறவர். என் பேத்தி சினிமா எடுக்கிறாள், அதில் நான் பேசியிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர், "என்ன வேஷம்மா?" என்றார்.

"தவளை."

சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு மாத்திரையை எண்ணினார். சிரிக்கட்டுமே. அவர் வீட்டுப் பிள்ளைகளில் யார் எந்தப் படத்தில் என்ன மிருகமாம்?

மகள் கோபித்துக்கொண்டாள். "ஊரெல்லாம் தமுக்கடிக்காதம்மா. படம் இன்னும் பாதிகூட முடியல." முடியாவிட்டால் என்ன? பாதிப் படம் எடுத்தவளுக்கும் நான்தான் பாட்டி.

ஜனவரி 8, புதன்

பேத்தி வரவில்லை. வேலை இருக்கிறதாம். அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப அடுக்கினேன்.

ஜனவரி 11, சனி

இதை எழுதி வைக்க வேண்டும், பிற்பாடு மறந்துவிடும்.

கார்ட்டூன் படத்தில் குரல்தான் முதலில். படம் அப்புறம். எனக்கு இது நேர்மாறாகத்தான் தெரிந்திருந்தது. பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு அதற்கேற்ப வாயை வரைகிறார்கள். தவளைக் கிழவிக்குப் பேச ஒரு பெரிய நடிகை வருவதாக இருந்தது. அந்த அம்மா வரும்வரை அளவு பார்க்க ஒரு குரல் வேண்டும், வா பாட்டி, சும்மா பேசிட்டுப் போ என்று பேத்தி கூட்டிப்போனாள். வேகமாகப் படிக்க எனக்கு வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. அதனால் பேத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்வாள். ஹெட்போனில் கேட்டு நான் என் பாணியில் சொல்வேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வந்த தொண்டை இது. நடிகை வந்தாள், தேன் மாதிரிப் பேசினாள். தலைமை ஓவியர் - தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள் - பென்சிலைக் கீழே வைத்துவிட்டாராம். "இந்தக் குரலுக்குத் தவளை வரமாட்டேங்குது. பாட்டிக்கு வந்த வாயை என்னால மாத்த முடியாது."

அவர் மேஜைக்கு மேலே பெரிதாக ஒட்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: காதில் விழுந்ததெல்லாம் கையில் வரணும். நான் நடுவில் இருமினேன், தவளையும் இருமுகிறது. மூக்கை உறிஞ்சினேன், அதுவும் உறிஞ்சுகிறது. பார்த்துவிட்டு எனக்கு வெட்கமாகவும் இருந்தது, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

படத்துக்குப் பணம் போட்டவர் விலகிவிட்டார். வேறு தொழிலில் அடி. பேத்தி போனில் சொன்னாள், செய்தி வாசிக்கிற மாதிரி. அழுதால் தேவலை. அழமாட்டாள், என்னைப் போல.

அங்கே வேலை செய்கிற பிள்ளைகளில் ஒருத்திக்கு அடுத்த மாதம் பிரசவம்.

ஜனவரி 22, புதன்

புதிதாக ஒருவர் பணம் தர வந்திருக்கிறார். வெள்ளை ஷூ போட்டிருந்தார். ஸ்டுடியோ படிக்கட்டு முழுக்க சாயமும் டீக்கறையும், அதில் அந்த ஷூ ஒரு பொட்டுக்கூட அழுக்காகாமல் ஏறி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அந்தக் குரலா! என் பொண்ணு உங்க இருமலையே பத்துத் தடவை போட்டுப் போட்டுக் கேக்கறா" என்றார். நல்ல மனுஷர்தான். எல்லோருக்கும் குடிக்க பாட்டில் கொண்டு வந்திருந்தார்.

பாட்டிலில் நீலச் சொட்டு.

அதே சொட்டு. எங்கள் பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்து ஏரியைச் சுற்றி மதில் எழுப்பினார்களே, அந்த மதிலின் கேட்டிலும் அதே சொட்டு. லாரி லாரியாகத் தண்ணீர் போகிறதே, அதிலும். இரண்டு வருஷத்துக்கு முன் பேத்தி என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே படம் வரையப் போனாள். காவலாள் எழுந்து வந்தான்.

"வரையக் கூடாதும்மா."

"ஏரியை வரையறதுல என்னப்பா தப்பு?"

"ஏரி எங்க இருக்கு வரையறதுக்கு?"

கேட் இடுக்கு வழியாகப் பார்த்தோம். நடுவில் ஒரு பாய் அளவுக்குப் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் வெடித்த சேறு. ஓரத்தில் ஒரு தவளை. அங்கே பிறந்ததுதான் இந்தப் படம். அந்தப் பச்சையைத்தான் தாடி மாதக்கணக்கில் கலந்து கலந்து பிடித்தார். படம் முழுக்கக் குளத்துத் தண்ணீருக்கு அது ஒன்றுதான் நிறம்.

பேத்தியைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டேன். "தெரியுமா, இது யாருன்னு?"

"எல்லாருக்கும் தெரியும் பாட்டி."

"அந்த ஆளுக்கு, இது எந்த ஏரியோட கதைன்னு?"

"அவருக்கும் தெரியும். அதனாலதான் வந்திருக்கார்."

இதற்கு என்ன அர்த்தம்? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்து என் நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

படத்தின் கதை இது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி முதலாளி. காற்றில் மிதக்கிற பனியைக்கூட பாட்டிலில் பிடித்து மூடி போட்டு விற்கிறவன். அவன் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "இன்னும்." குளத்துக்குள் ராட்சச ஸ்ட்ரா ஒன்றை விட்டு உறிஞ்சுகிறான். வாத்துகள், நண்டுகள், மீன்கள் எல்லாம் தவிக்கின்றன. கடைசியில் தவளைக் கிழவி அந்த ஸ்ட்ராவுக்குள்ளேயே ஏறிப்போய் அதன் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வெள்ளை ஷூ இன்று ஒரு சின்ன விஷயம்தான் கேட்டாராம். ஸ்ட்ரா நீலமாக இருக்கிறது, எங்கள் நிறம் மாதிரி இருக்கிறது, மஞ்சளாக்க முடியுமா?

"சின்ன விஷயம்தானே பாட்டி" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவள் கேட்டுக்கொண்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இப்போது ஸ்ட்ராவே இல்லை.

முதலாளியும் இல்லை. அவனுக்குப் பதிலாகத் தொப்பி வைத்த ஒரு அன்பான மாமா. குளம் ஏன் வற்றியது? வாத்துகள் நாள் முழுக்கக் குளித்துத் தண்ணீரை வீணாக்கினவாம்! வாத்துகள்! கடைசியில் மாமா லாரி நிறைய பாட்டிலோடு வந்து எல்லோரையும் காப்பாற்றுகிறார். பாட்டிலில் நீலச் சொட்டு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அளவுகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

மகள் சொல்கிறாள், "பிள்ளைங்க படம்தானம்மா. வாத்து குளிச்சா என்ன, நண்டு குளிச்சா என்ன? அவ கையில பத்துப் பேர் பொழப்பு இருக்கு."

அதுவும் சரிதான். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை. சம்பளம் நின்றால் பாலுக்கு எங்கே போவாள்? சரிதான். எல்லாம் சரிதான். அப்புறம் எனக்கு ஏன் உட்கார முடியவில்லை? வீட்டுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து கால் வலி வந்ததுதான் மிச்சம்.

பிப்ரவரி 12, புதன்

சண்டை.

நான்தான் ஆரம்பித்தேன். "ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேண்டி. என் பேத்தி யாருக்கும் பயப்படாம படம் எடுக்கறான்னு. இப்ப வாத்து மேல பழி போடறியே, நாளைக்கு எந்த மூஞ்சியோட மருந்துக்கடைக்குப் போவேன்?"

"உனக்கு உன் மூஞ்சிதான் கவலை."

"ஆமாண்டி, எனக்கு ஒரு மூஞ்சிதான் இருக்கு. உனக்கு எத்தனையோ!"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுண்டிப்போனது. எழுந்து சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே கை நீட்டினாள்.

"நீ குடிக்கிற தண்ணி யாரோடது பாட்டி?"

சமையல் மேடைக்குப் பக்கத்தில் கேன். கேனில் நீலச் சொட்டு.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.  சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரையே நிற்க வைத்துக் கேட்டவளை இப்படி நிற்க வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

நான் கேனைப் பார்த்தேன். கேன் என்னைப் பார்த்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வியாழக்கிழமையே கேன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். கேன்காரர், "என்னம்மா, என்மேல கோபமா?" என்றார். உங்கள் மேல் இல்லை என்றேன். "அப்ப யார்மேல?" கதவைச் சாத்திக்கொண்டேன்.

குழாயைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகுகிறது. பழுப்பு. ஏரி வற்றின பிறகு எங்கள் தெருவுக்கே இப்படித்தான். துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடித்தேன். இரண்டு நாள்தான். வயிறு பிய்த்துக்கொண்டது. மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து திட்டிக்கொண்டே கேனுக்குப் போன் பண்ணினாள்.

கேன்காரர் ஒன்றும் கேட்காமல் தூக்கி வைத்தார். நல்லவர். அவர் கேலி பண்ணியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பேத்தி எடுத்த படத்தில் என்ன சொல்ல வந்தாளோ அது என் வயிற்றிலேயே நடக்கிறது. தண்ணீரை அவன் எடுத்தான். அதையே அவனிடம் வாங்கிக் குடித்துவிட்டு, அவளை நான் எப்படித் திட்டுவது? ஆனால் திட்டாமலும் இருக்க முடியவில்லையே.

மார்ச் 4, செவ்வாய்

பேத்தி வந்தாள். சண்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டீ போட்டேன். ஓரத்தில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"பாட்டி, ஒரே ஒரு வரி பேசணும்."

"எந்த வரி?"

"லாரி வந்து நிக்குது. மாமா தவளைக் கிழவி கையில பாட்டில் குடுக்கறார். அவ சொல்றா..." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்னு."

நான் கேட்டேன், வேறு யாரையாவது வைத்துப் பேச வைக்க முடியாதா? முடியாதாம். படம் முழுக்க என் குரலுக்குத்தான் வாய் வரைந்திருக்கிறது. ஒரு வரி மட்டும் வேறு குரலில் வந்தால் குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுமாம். மாட்டேன் என்றால்? படம் அப்படியே நிற்கும். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

"நீ மாட்டேன்னு சொன்னா நான் எதுவும் சொல்லமாட்டேன் பாட்டி."

இதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம். துணி மடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். மாடி வீட்டுக் குட்டிப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். "யாருக்குப் பாட்டி தாங்க்ஸ் சொல்றீங்க?"

"ஒரு மாமாவுக்கு."

"என்ன குடுத்தார்?"

"தண்ணி."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். விளையாடப் போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ரெக்கார்டிங் அறையில் எனக்கு ஒரு நாற்காலி, மைக், பக்கத்தில் நீலச் சொட்டு பாட்டில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தி, சவுண்ட் பார்க்கிற பையன், பின்னால் கை கட்டிக்கொண்டு தாடி. சோபாவில் வெள்ளை ஷூ. ஹெட்போனில் பேத்தியின் குரல் வந்தது. வரியைச் சொன்னாள். உயிரே இல்லாமல் சொன்னாள்.

நான் சொன்னேன்.

நன்றாக வந்துவிட்டது! அதுதான் சொல்கிறேன், பாழாய்ப்போன வாய், நன்றாக வந்துவிட்டது. தொண்டை தழுதழுத்து, கடைசியில் ஒரு மூச்சு விட்டு, நானே நம்பிவிடுகிற மாதிரி. வெள்ளை ஷூ எழுந்து கை தட்டினார். நான் சிரித்தேன். கை தட்டினால் சிரிக்கிற ஜாதி நான். சிரித்த பிறகுதான் கண்ணாடி வழியாகத் தாடியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

"இன்னொரு தடவை பாட்டி" என்றாள் பேத்தி.

ஏன்? நன்றாகத்தானே வந்தது? அவள் வரியை மறுபடி சொல்லவில்லை. காதில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அந்தச் சமயத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கேட் இடுக்கில் பார்த்த பாய் அளவுத் தண்ணீர் ஞாபகம் வந்தது. என் வயிற்றுவலி ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். நீங்க - என்கிற இடத்துக்கு நாக்கு போனது. அங்கேயே நின்றுவிட்டது. மூச்சை இழுத்தேன். தொண்டையில் டக்கென்று ஒரு சத்தம். பாட்டிலைப் பார்த்தேன். எச்சிலை விழுங்கினேன். வாயை மூடிக்கொண்டேன். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம். சவுண்ட் பையன் திரும்பி அவளைப் பார்த்தான், நிறுத்தவா என்று. அவள் கையைத் தூக்கி, வேண்டாம், ஓடட்டும் என்றாள்.

அப்புறம் எனக்கு இருமல் வந்துவிட்டது.

வெள்ளை ஷூ ரொம்ப மரியாதையாக, "அம்மாவுக்குக் களைப்பா இருக்கு. முதல்ல எடுத்தது அருமை. அதையே வெச்சுக்கலாம்" என்றார்.

"சரி சார்" என்றாள் பேத்தி.

மார்ச் 8, சனி

ஏன் இன்னொரு தடவை கேட்டாள்?

மார்ச் 20, வியாழன்

கேட்கவில்லை. கேட்கமாட்டேன். எந்தக் குரலை வைக்கிறாய் என்று கேட்டால், முதலில் சொன்னதைத்தான் என்பாள். அப்புறம் நான் என்ன செய்ய முடியும்? சொன்னது நான்தானே. யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சாப்பிட வந்தார்கள். பேத்தி இளைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே மை பூசின மாதிரி. மாப்பிள்ளை தமாஷாக, "அத்தை, படம் வந்ததும் எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்குவீங்களா, இல்ல குளத்துலயே தங்கிடுவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை. கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாக்கற? பூச்சியா?"

"நிறம்" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

கம்பெனிக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். முழுவதும். கம்பெனிப் பெரியவர் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாராம். "எல்லாருக்கும் பிடிச்சிருச்சு பாட்டி. அப்படியே வெளியிடச் சொல்லிட்டாங்க."

பிடித்துவிட்டதாம். அப்படியென்றால் தெரிந்துவிட்டது, எதை வைத்திருக்கிறாள் என்று. வேறு எதை வைத்தால் அவர்களுக்குப் பிடிக்கும்?

நல்லது கண்ணு என்றேன். போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே துவைத்த போர்வையை எடுத்து இன்னொரு தடவை துவைத்தேன். அந்த நூல் தண்ணீரில்.

ஜூலை 30, புதன்

மருந்துக்கடைக்காரர் கேட்கிறார், "தவளை எப்பம்மா வருது?" வருது வருது என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்னால் நானே வாயெடுத்துச் சொல்வேன். இப்போது அந்தக் கடைப்பக்கம் போகாமல் இருக்க மாத்திரையை மகளை விட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.

அக்டோபர் 11, சனி

இன்று படம்.

போகமாட்டேன் என்று தலைவலியைச் சாக்காகச் சொன்னேன். மகள் அலமாரியைத் திறந்து என் நல்ல புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "அவ உன்னை எதுவும் கேக்கல. வந்து உக்காரு, அது போதும்."

தியேட்டர் நிறையக் குழந்தைகள். எனக்கு நடு வரிசை. ஒரு பக்கம் மகள், மறு பக்கம் காலியாக ஒரு இடம். பேத்தி உட்காரவில்லை, கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்கு முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், காலை ஆட்டி ஆட்டி அடுத்த சீட்டை உதைத்துக்கொண்டே இருந்தாள்.

படம் அழகாக இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். குளத்தின் பச்சை, அடடா, தாடி கையை எடுத்து முத்தம் கொடுக்கலாம். நான் இருமியபோது தியேட்டரே சிரித்தது. மகள் என் முழங்கையை இடித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. லாரி எப்போது வரும், லாரி எப்போது வரும் என்றே மனசு அடித்துக்கொண்டிருந்தது. வாத்துகள் குளித்தன. குளம் வற்றியது. பாய் அளவு தண்ணீரில் எல்லாம் ஒண்டிக்கொண்டன.

லாரி வந்தது. தொப்பி மாமா இறங்கினார். பாட்டிலைக் கொடுத்தார். நீலச் சொட்டு என் தலை அளவுக்கு இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் குரலை என் காதால் கேட்கத் தயாராக முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். தவளைக் கிழவி வாயைத் திறந்திருக்கிறாள். பேசவில்லை. மூச்சை இழுக்கிறாள். தொண்டையில் டக்கென்று அந்தச் சத்தம் - என் சத்தம். குனிந்து பாட்டிலைப் பார்க்கிறாள். எச்சில் விழுங்குகிறாள். வாயை மூடிக்கொள்கிறாள். அப்படியே நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். காதில் விழுந்ததெல்லாம் கையில் வந்திருக்கிறது. பேசாததும் வந்திருக்கிறது.

மகள் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, சவுண்டு போயிடுச்சா?" என்றாள்.

அவ்வளவு நேரம் குழந்தைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லை, திரையைப் பார்ப்பதைத் தவிர. பாட்டிலைப் பார்த்தார்கள். பெரியவர்கள் சொட்டைப் பார்த்திருப்பார்கள். முன் வரிசைப் பெண் காலாட்டுவதை நிறுத்தினாள்.

"அம்மா, அது அவங்க குளத்துத் தண்ணிதானே?"

"உஷ்."

"இல்லம்மா, பாரு, அதே பச்சை! அவங்க தண்ணியையே எடுத்துட்டு அவங்களுக்கே குடுக்கறாரு!"

உஷ் உஷ் என்று நாலு பக்கம் சத்தம். அதற்குள் பின்னால் ஒரு பையன், "ஏய், திருட்டு மாமா!" என்று கத்தினான். அப்புறம் யார் அடக்க முடியும்? தியேட்டர் முழுக்கத் திருட்டு மாமா, திருட்டு மாமா. திரையில் தவளைக் கிழவி இருமினாள். ஓவென்று ஒரு கூச்சல்.

நான் திரும்பிக் கதவோரம் பார்த்தேன். இருட்டில் பேத்தியின் முகம் சரியாகத் தெரியவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தபோது வெள்ளை ஷூ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படம் முடியும்போதுதான் வந்து சேர்ந்தாராம், உள்ளே நடந்தது தெரியாது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அந்த இடத்துல பேசாம நின்னீங்க பாருங்கம்மா! உங்க பேத்தி சொன்னப்பதான் எங்களுக்கே புரிஞ்சுது. நன்றி மிஞ்சிப்போனா வார்த்தை வராதுன்னு. எங்க பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்."

அவர் தோளுக்குப் பின்னால் பேத்தி. என்னைப் பார்த்தாள்.

"ஆமாம் தம்பி," என்றேன், "வார்த்தை வரல."

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலேயே மருந்துக்கடைக்குப் போனேன். வீட்டில் மாத்திரை இருந்தது. சும்மா போனேன்.

நவம்பர் 24, திங்கள்

வெள்ளை ஷூ இப்போது போன் எடுப்பதில்லை. அடுத்த படத்துக்குத் தருவதாகச் சொன்னதைத் தரவில்லை. ஸ்டுடியோவைக் காலி செய்தாகிவிட்டது. பேத்தி எல்லோருக்கும் சம்பளம் தீர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பூட்டினாள். குழந்தை பெற்ற பெண்ணுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது, சிலருக்கு இன்னும் இல்லை. அதை நினைத்தால் மனசு அலைகிறது. நான் அன்றைக்கு ஒழுங்காக ஒரு வரி பேசியிருந்தால் என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் இல்லை என்கிறேன். மகள் இன்னும் முணுமுணுக்கிறாள். அவள் முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது.

என் முன்னறையில் சாப்பாட்டு மேஜையைப் பேத்தியும் தாடியும் எடுத்துக்கொண்டார்கள். நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். அந்த வாசகத்தை என் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார் தாடி. சத்தமாகத் தும்மக்கூட பயமாக இருக்கிறது.

குழாய் அதே நூல்தான். மதில் அங்கேயேதான் இருக்கிறது.

இன்று காலை படிக்கட்டில் கேன் இடிபடும் சத்தம். மாடி வீட்டுக் குட்டி மேலே இருந்தே கத்தினாள், "பாட்டீ, தவளைத் தண்ணி வந்தாச்சு!"

கேன்காரர் கேனைத் தோளிலிருந்து இறக்கினார். தலையில் அடித்துக்கொண்டார். "எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே பேர்தாம்மா. பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில. கம்பெனியில எங்களைக் கூப்பிட்டு, அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாதுன்னு மீட்டிங்கே போட்டாங்க."

"நீங்க சொல்றதில்லையே?"

"ஐயோ, நான் ஏம்மா சொல்றேன்?"

காலி கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே தெருவில் அடுத்த வீட்டு மணியை அடித்துவிட்டு அவர் கூப்பிடுவது கேட்டது, பழக்க தோஷத்தில், முழுத் தொண்டையில்:

"அம்மா! தவளைத் தண்ணி!"

மேஜையில் பென்சில் சத்தம் நின்றது. பேத்தி சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! தாடி அதற்குள் ஒரு புதுத் தாளை இழுத்துக்கொண்டார்.